பேர வெட்டிருவாங்க

"ஏனம்மா, இவ்வளவு நாளும் காட்டாமல் வைச்சிருந்தனீங்கள்?" என்று அந்த இளம் டொக்டர் கேட்டார். நுவரெலியா ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு. அத்தையின் வலது காலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல மாதிரி. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்ட வாடையில் அவர் மட்டும் முகம் சுளிக்கவில்லை. பெரிய மனிதர் கேள்வி கேட்கும்போது படுத்துக்கொண்டே பதில் சொல்வது மரியாதை இல்லையென்று, அப்போதுதான் நினைவு திரும்பியிருந்த என் அத்தை அந்தக் காய்ச்சலிலும் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "பேர வெட்டிருவாங்கன்னு சொன்னாங்கய்யா. அதான் வரல" என்றாள்.

டொக்டருக்கு விளங்கவில்லை. "பேரோ? ஆர் வெட்டுறது?" என்று என்னைப் பார்த்தார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் அந்த ஒரு சொல்லை ஒரு மூச்சில் அவருக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை, அவருக்கும் நின்று கேட்க நேரமில்லை. இரண்டொரு நாளில் அத்தையின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் வந்த புதிதிலேயே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று அதே டொக்டர் பிறகு என்னிடம் சொன்னார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அன்றைக்கு அவருக்குச் சொல்ல முடியாததை இப்போது சொல்லிப் பார்க்கிறேன். எங்கள் தோட்டங்களில் பேர் என்பது ஆளைக் கூப்பிடுவதற்கு மட்டும் உள்ளதில்லை. பேர் என்றால் வேலை, பேர் என்றால் அன்றைய சம்பளம். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் போய் வரிசையில் நின்றால், கணக்குப்பிள்ளை ஆளைப் பார்த்துப் பேர் போடுவார். மழையில் பாதி வேலையோடு திரும்பினால் அரைப்பேர். கொழுந்து குறைந்தாலும் அரைப்பேர். ஒரு பெண்ணைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டால் "பேர் பதிஞ்சாச்சு" என்று வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுவார்கள். பேர் பதிந்தவருக்குத்தான் லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பரா, காய்ச்சலுக்கு மருந்து, செத்தால் பெட்டிக்குப் பலகை. பேரை வெட்டிவிட்டால் அத்தனையும் போச்சு. லயத்துச் சண்டையில் அப்பன் ஆத்தாளை இழுத்துத் திட்டினாலும் எங்கள் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். "ஒன் பேர வெட்ட வக்கிறேன் பாரு" என்றால்தான் கை நீளும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. தொண்ணூறுகளில் என் அம்மா வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்த வருஷங்களில் எனக்குத் தலை சீவி, சோறு கட்டிக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள்தான். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அவளைப்போல் கொழுந்தெடுக்கவும் ஆளில்லை, வாயாடவும் ஆளில்லை. நான் டீச்சரான பிறகு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "என்னடி டீச்சரு, சாக்கட்டி புடிக்கிற கைக்குச் சோறு பெசைய வருமா?" என்று வாசலிலேயே தொடங்கிவிடுவாள். ஆனால் அந்த வாயெல்லாம் லயத்துக்குள்தான். ஆபீஸ் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தால் போதும், "ஐயா" என்று அடங்கிவிடுவாள். அது பயம் என்று மட்டும் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து முதுகில் ஏறிய பழக்கம்.

வயதாகி அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் அதற்குப் "பென்சன்ல போறது" என்று பெயர். பென்சன் என்று ஒரு சதம் வராது, பெயர் மட்டும் பென்சன். இருந்த காம்பராவில் இருந்துகொள்ள விட்டார்கள், அவ்வளவுதான். பேரை வெட்டிய மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல எழுந்து, தலைத்துண்டைக் கட்டி, கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். அங்கேயே நின்றாள். பிறகு திரும்பிப்போய் அடுப்பை மூட்டினாள். "பேரு இல்லாத மனுசி எங்கடி போறது?" என்று என்னைக் கேட்டாள். நான் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டு சிரித்தேன், அவளும் சிரித்தாள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் லயத்துக்கும் கைப்போன் வந்துவிட்டது. கொழும்பில் துணிக்கடையில் நின்ற அத்தையின் மகன் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் லயத்தில் சிக்னல் வருவது பீலிக்கரையில் மட்டும்தான். மலையிலிருந்து தகரப் பீலியில் தண்ணீர் கொட்டும் இடம். குடம் வைக்கவும் துணி துவைக்கவும் பெண்கள் கூடும் இடம். அதனால் எங்கள் லயத்தில் யாருடைய போன் பேச்சும் இரகசியம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து பாக்கியவதி பேசும்போது அவள் விட்டுப்போன பிள்ளை அழுவதைக்கூட எல்லாரும் சேர்ந்துதான் கேட்பார்கள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அத்தை மிலாறு பொறுக்கப் போனாள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டியபின் கிடக்கும் குச்சிகளுக்கு எங்களிடம் அதுதான் பெயர். அதுதான் அடுப்புக்கு விறகு. போன இடத்தில் காலில் அட்டை கடித்தது. அட்டைக்கடி எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அவளுக்குச் சீனி வியாதி இருந்தது. சொறிந்த இடம் புண்ணாகி, புண் ஆறாமல் ஆழமானது. தோட்டத்து மருந்தையா கட்டுப்போட்டுவிட்டு, "இது என் கைக்கு அடங்காதும்மா, நுவரெலியாவுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். அத்தையும் போவதாகத்தான் இருந்தாள். அதற்குள் அந்தப் போன் வந்தது.

முதல் பேச்சை நான் கேட்கவில்லை. பீலிக்கரையில் இருந்தவர்கள் சொன்னது. பேசியவன் அவளை வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அப்பன் பேரை முன்னால் போட்டு, தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் எப்படி இருக்குமோ அப்படியே கூப்பிட்டான். அந்த ஒழுங்கில் அவளைக் கூப்பிடுவது தோட்டத்து ஆபீஸைத் தவிர உலகத்தில் யாருமில்லை. "ஐயா" என்று அத்தை சொன்னாளாம். "கொழும்பு ஹெட் ஆபீஸ்லேருந்து பேசுறோம்மா. தோட்டத்துல பென்சன்ல போன பெரியவங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் குடுக்கிறோம். ஒங்க பேரு பதிஞ்சாச்சு" என்றானாம். "மறுபடியும் பேராங்கய்யா?" என்று அத்தை கேட்டபோது, குடம் வைத்திருந்தவர்கள் எல்லாம் குடத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்களாம். பக்கத்துக் காம்பராக்காரி என்னிடம் இதைச் சொல்லும்போது, அவள் குரலில் இன்னமும் கொஞ்சம் பொறாமை இருந்தது.

அவன் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டான். அது யுத்த காலம். போகிற இடமெல்லாம் அட்டையைக் கேட்டு நிறுத்துகிற காலம். எழுத்துத் தெரியாத அத்தைக்கும் அந்த இலக்கம் தலைகீழ்ப் பாடம், ஒப்பித்துவிட்டாள். பிறகு போனுக்குக் காசு போடுகிற ரீலோட் கார்ட் வாங்கிச் சுரண்டி, அதிலுள்ள நம்பரை வாசிக்கச் சொன்னான். பதிவுக் காசாம். பக்கத்துக் காம்பராக்காரி வாசித்துக் கொடுத்தாள். எத்தனை கார்ட் போனது என்று நான் கேட்கவில்லை. காசு போனால் போகிறது, அந்தக் கணக்கில் எனக்கு அக்கறையும் இல்லை.

என் வயிறு எரிவது வேறொன்றுக்கு. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அவன், "கால் எப்படிம்மா இருக்கு? வலிக்குதா?" என்று கேட்டானாம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. பெற்ற மகன் மாதத்துக்கொரு முறை கேட்பதை இவன் இரண்டு நாளைக்கொரு முறை கேட்டான். அந்த அன்பில் உருகிப்போய் அத்தை ஒருநாள், "மருந்தையா நுவரெலியாவுக்குப் போகச் சொல்றாருங்கய்யா, போகட்டுங்களா?" என்று அவனிடமே உத்தரவு கேட்டிருக்கிறாள். "போயிறாதீங்கம்மா. வேற ஆஸ்பத்திரியில டிக்கட் போட்டுப் படுத்தா இங்க பேர வெட்டிருவாங்க. நம்ம வேனே வந்து ஒங்கள ஏத்திக்கிட்டு கொழும்புக்குக் கூட்டிட்டுப் போகும்" என்றிருக்கிறான். மீன் தூண்டிலை விட்டுப் போய்விடக் கூடாதென்று வாயில் வந்ததைச் சொல்லியிருப்பான். அவனுக்கு அது ஒரு பேச்சு. அத்தைக்கு அது சட்டம்.

நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "எப்ப அத்தை போறீங்க?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ஆகட்டும் என்றாள், கோயில் திருவிழா முடியட்டும் என்றாள். ஒரு சாயங்காலம் பீலிக்கரைப் பக்கம் வந்தபோது அவளே போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கார்ட் நம்பர் வாசிக்கப்படுவதைக் கேட்டதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. போனை வாங்கி, "நீங்க எந்த ஆபீஸ்?" என்று கேட்டேன். அவன் தடுமாறவே இல்லை. "டீச்சருங்களா? அம்மா சொல்லியிருக்காங்க. ஏன் டீச்சர், வயசானவங்களுக்கு வர்றதக் கெடுக்கிறீங்க?" என்றான். அந்தப் பழைய போனில் அவன் பேசியது பீலிக்கரை முழுக்கக் கேட்டது. பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் தங்கள் மாமியாருக்கும் அப்பனுக்கும் பேர் பதியக் காத்திருந்தவர்கள்.

அத்தை போனைப் பிடுங்கினாள். அவளை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. "ஒனக்கு மாசம் பொறந்தா சம்பளம். ஒனக்கு ஒரு பேரு இருக்கு. எனக்கு இப்பதான்டி மறுபடி ஒண்ணு வந்துச்சு. அதையும் வெட்ட வச்சிறாத" என்றாள். அவனைக் கள்ளன் என்றேன், புண்ணைப் பாருங்கள் என்றேன், கையெடுத்துக் கும்பிட்டுக்கூடக் கேட்டேன். அன்றிலிருந்து நான் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவன் அம்மாவோடு பேசினான், அவளும் அவனிடம் "சரிப்பா, போறேம்பா" என்றாள். போகத்தான் இல்லை.

வேன் வரும் நாள் வந்தது. அவன் சொன்ன நாள். மகன் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு பையில் மாற்றுத் துணியும் விபூதியும் வைத்துக்கொண்டு, லயத்துப் பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துவர, அத்தை ரோட்டுக்கு இறங்கினாள். வெள்ளை வேன் வரும் என்று அவன் சொல்லியிருந்தான். அந்தக் காலத்தில் வெள்ளை வேன் என்றாலே நாட்டில் பாதிப் பேருக்குக் குலை நடுங்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்க் காணாமலாக்குகிற வேன். அதற்காகத் தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு காத்திருந்த மனுஷி இந்த இலங்கையிலேயே என் அத்தை ஒருத்தியாகத்தான் இருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோதும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். பனி இறங்கிச் சேலை நனைந்திருந்தது. ஒவ்வொரு பஸ்ஸும் வளைவில் ஹோர்ன் அடிக்கும்போது பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏதாவது வேலை சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். "ரோடு சரியில்லாம இருக்கும்டி, மண்ணு சரிஞ்சிருக்கும்" என்று என்னிடம் சொன்னாள். நெடுநாளுக்குப் பிறகு என்னோடு பேசினது அதுதான். கடைசி பஸ்ஸும் போன பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஏறினாள். மறுநாள் காய்ச்சல் கண்டது. அதற்கடுத்த நாள் நினைவு தப்பிய பிறகுதான் எங்களால் அவளை நுவரெலியாவுக்குத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது.

அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த இலக்கத்துக்கு எடுத்தால் பாவனையில் இல்லை என்றது. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். வெளியாள் யாராவது என்றால் "பதிவு இரத்தாகும்" என்று சொல்லியிருப்பான், அத்தையும் சிரித்துவிட்டு மருந்தையா சொன்னபடி நுவரெலியாவுக்குப் போயிருப்பாள். "பேர வெட்டிருவாங்க" என்று சொல்ல வேண்டுமென்றால் லயத்துக் காம்பராவில் பிறந்திருக்க வேண்டும். அவன் ஆத்தாளும் பெரட்டுக்களத்தில் நின்று "ஐயா" என்றவளாகத்தான் இருப்பாள். எங்கே தட்டினால் எங்கள் கிழடுகளுக்கு எலும்பு நடுங்கும் என்று தெரிந்து தட்டியிருக்கிறான். என் முன்னால் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவனாகக்கூட இருக்கலாம். அதை நினைக்கும்போது வாயெல்லாம் கசக்கிறது.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் வயதானவர்களைக் கூட்டி வைத்து, போனில் இன்சூரன்ஸ் என்று எவன் பேசினாலும் அட்டை இலக்கம் சொல்லாதீர்கள், கார்ட் நம்பர் வாசிக்காதீர்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிடுங்கள் என்று சொன்னேன். முதல் இரண்டையும் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவதுதான் யாருக்கும் வரவில்லை. நான் மண்டபத்துக்கு வெளியே போய் நின்று, குரலை மாற்றிக்கொண்டு, ஹெட் ஆபீஸ்காரன் மாதிரிக் கூப்பிடுவேன். உள்ளே கையைக் காதில் வைத்துக்கொண்டு எல்லாரும் "சொல்லுங்கய்யா" என்பார்கள். கவ்வாத்து வெட்டியே முதுகு வளைந்த ஒரு பெரியவர், "அதெப்படி தாயி, அவுங்க பேசிக்கிட்டிருக்கையில நாம வக்கிறது? மரியாத இல்லியே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஒங்க மரியாதைலதான் தாத்தா அவன் சோறு திங்கிறான்" என்று சொல்லிவிட்டேன். பெரியவர் சிரித்தார். அவருக்குக் கோபப்படவும் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் தோட்டத்தில் மூஞ்சியைப் பார்க்காமல் யாருக்காவது பேர் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். சிரித்தார்கள். "பெரட்டுக்கு வராதவனுக்கு எவன் பேரு போடுவான்?" என்றார்கள். அப்படியென்றால் அதையே சொல்லுங்கள், "பேரு பதியணும்னா பெரட்டுக்களத்துக்கு நேர்ல வாங்க" என்று சொல்லிவிட்டு வையுங்கள் என்றேன். அது வேலை செய்தது. சட்டென்று எல்லாருக்கும் வந்தது. கவட்டுக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். அதற்குள் என்னோடு பழையபடி ஆகிவிட்டிருந்தாள், நடந்ததைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. இப்போதும் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் அதே வார்த்தையைச் சொல்லித்தான் போனை வைக்கிறார்கள். ஏமாந்தார்கள் என்று பிறகு நான் கேள்விப்படவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது பிழையென்று யார் வந்து சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இனிச் சொல்லப்போவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கண்டிப் பக்கத்தில் இலவசமாகச் செயற்கைக் கால் செய்து கொடுக்கிற ஓர் இடம் இருந்தது. அத்தையைக் கேட்டுக்கொண்டுதான் எழுதிப் போட்டேன். நான் தங்கியிருந்த பள்ளிக்கூட விடுதியில் சிக்னல் கிடையாது என்பதால் அவளுடைய போன் இலக்கத்தையே கொடுத்திருந்தேன். மாதங்கள் போயின, அவளும் மறந்தாள், நானும் அரைகுறையாக மறந்தேன். ஒருநாள் லயத்துக்குள் நுழையும்போதே பீலிக்கரையில் ஒரே சிரிப்பு. கவட்டுக்கட்டையை ஊன்றிக்கொண்டு அத்தை நடுவில் நின்றாள். "ஏய் டீச்சரு, இங்க வா! இன்னைக்கு வந்துச்சுடி போனு. சிங்களத்துத் தமிழ்ல ஒருத்தி பேசுறா. அப்பன் பேர முன்னுக்குப் போட்டுக் கூப்பிட்டுட்டு, ஒங்க பேரு வந்திருக்கு, செவ்வாக்கெழம ஹட்டனுக்கு வேன் வருது, வாங்க அம்மேங்குறா. அவ பேசிக்கிட்டிருக்கையிலேயே, எனக்குப் பேரு வேணாங்க, வெட்டிருங்கன்னு சொல்லிட்டுப் பட்டுன்னு வச்சிட்டேன்!" வாழ்க்கையில் முதல் தடவையாக ஆபீஸ் குரலொன்றைப் பாதியில் நிறுத்தியிருக்கிறாள். முகமெல்லாம் அப்படியொரு வெளிச்சம்.

நான் மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கண்டிக்குப் போனேன். போன் பண்ணிய பெண் நல்லவள்தான். கொஞ்சம் வருத்தத்தோடு, "அம்மாவே வெட்டச் சொன்னாங்களே மிஸ்" என்றாள். அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த முறைக்கு மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்றாள். திரும்பி வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது நிஜமான இடம், நான் கண்ணால் பார்த்தேன், வரிசையாகக் கால்கள் தொங்குகின்றன, வேன் வேண்டாம், நானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நெசமாவே இருக்கட்டும்டி. ஒரு தடவ ரோட்டுல ஒக்காந்தாச்சு, போதும்" என்றாள். "அழாத. இந்தத் தடவ பேர வெட்டுனது அவன் இல்ல. நானு."

அதற்கு மேல் நான் அவளை வற்புறுத்தவில்லை. சாகும்வரை கவட்டுக்கட்டையை ஊன்றிக்கொண்டுதான் பீலிக்கு இறங்கிப் போய்வந்தாள்.